சூசையப்பர் கோலும் சம்பங்கிப் பரிமளமும்

அரியலூரைச் சார்ந்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு வாழ்ந்த வீரமாமுனிவர், அர்ச்சியசிஷ்ட சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி 1726ஆம் ஆண்டில் தேம்பாவணியை இயற்றினார். தேவதாயை மணத்தற்குரியார் இவரே என்பதற்கு அடையாளமாக, இவரது கைக்கோல் பூத்ததென்னும் கதையை அக்காவியத்துட் காண்கிறோம். இது சுவிசேஷங்களில் இல்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய நூலிலோ கோலினின்று புறா வெளிப்பட்டு அவர் தலைமேல் அமர்ந்ததென்றே உளது. பூ, பின்வந்த நூல்களிலேதான் மலர்ந்தது! ஆரோனுடைய கோல் வாதுமைப் பூப் பூத்த வரலாறு இதற்கு வித்தாயிருக்கலாமென எண்ணுகிறோம்.

அப்பூ யாது? சித்திரக்காரர் லீலி என்பர். இஸ்பானிய மொழியினர் பலரோ, நாம் மாலை தொடுக்கும் நிலச்சம்பங்கியையே 'சூசையப்பர் கோல்' என அழைப்பர். நேரிய தண்டின்மேல் வெண்பூக்கள் நெருங்கி மலர்தலின் பெயர் பொருத்தமே. ஆயினும் மெக்சிக்கோ தேசத்துச் செடியாகிய இதனைப் பண்டை யூதேயா அறியாது. ஆதலின் கதையிற் பூத்தது இதுவேயெனச் சாதித்தல் தகாது.

பட்ட கோல் பூத்த கதைக்கு இம்மலரின் இயல்பு ஒருவாறு ஒத்திருக்கின்றது. இரவில் மிகும் இதன் மணம், செடியினின்று கொய்தபின்னும் பூவில் ஊறிக்கொண்டேயிருக்கும். இதனையறிந்த பிரான்சு தேசத்துக் கிராஸ் நகரத்தார், கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டுகளில் இம்மலரைப் பரப்பி, மணம் ஒழிந்த பூவை மாற்றி மாற்றி இட்டு, கொழுப்பில் ஏறிய பரிமளத்தைச் சாராயத்தாற் பிரித்தெடுத்தனர். வேலை மிகுதியான அம்முறை இன்று அருகிவிட்டது. இரசாயனத் திரவத்திற் பூவை ஊறவைத்து மணத்தைக் கரைத்தெடுப்பதே பெருவழக்கு.