உயர்ந்த கட்டடங்களின் புறச்சுவர்ப் பலகைகள்

பெங்களூருவில் 1956-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற விதான சௌதா, கருங்கல்லின் உறுதிக்குப் பெயர் பெற்றது. இன்று அந்நகரில் எழும் உயர்ந்த கட்டடங்களின் தோற்றம் வேறு. அவற்றின் பாரத்தைத் தாங்குவது கான்கிரீட் அல்லது எஃகுச் சட்டகம்; புறச்சுவரோ, தளங்களின் விளிம்பில் மாட்டப்படும் கண்ணாடி, அலுமினியம் அல்லது மெல்லிய கல் பலகைகளின் வரிசையே. பாரம் தாங்காத இப்பலகைகளுக்கு வேலைதான் யாது?

முதலாவது, காற்றைத் தாங்குதல். இந்தியத் தர விதிகளின்படி பெங்களூருவுக்குரிய அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 33 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், சென்னையில் அழுத்தம் இரு மடங்கிற்கும் மேலாகிறது. உயரே செல்லச் செல்ல வேகமும் கூடும். காற்று தள்ளுவதோடு நிற்பதில்லை. கட்டடத்தின் பக்கங்களிலும் பின்புறத்திலும் பலகைகளை வெளிநோக்கி இழுக்கிறது. மூலைகளில் இவ்விழுப்பு மிகுதி.

இரண்டாவது, உஷ்ணம். 4 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் பலகை, உஷ்ணநிலை 40 டிகிரி உயரும்போது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். ஆகவே, பலகையின் ஒரு முனையை இறுகப் பிணைத்து, மறுமுனையின் போல்ட்டை நீள்துளையில் அமைக்கின்றனர். இரு முனைகளையும் இறுக்கினால் பலகை வளையும், அல்லது பிடிமானம் தளரும். கல்லும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1970-களில் எழுந்த ஒரு கோபுரத்தின் மெல்லிய சலவைக்கற்கள் வளைந்துபோனமையால், 1990-களின் தொடக்கத்தில் அனைத்தும் அகற்றப்பட்டுக் கருங்கல் பொருத்தப்பட்டது.

மூன்றாவது, தீ. 2017-ஆம் ஆண்டு லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில், அலுமினியத் தகடுகளுக்கிடையே இருந்த பாலிஎதிலீன் எரிந்து தீயை மேலே பரப்பியது. 72 பேர் மாண்டனர். பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் நிகழ்ந்த விபத்தில் புகை மேல்தளங்களை நிரப்பிற்று. ஒன்பது பேர் உயிரிழந்தனர். பலகையின் உட்பொருள் எரியாததாக இருத்தல் வேண்டும். பலகைக்கும் தளவிளிம்பிற்கும் இடையிலுள்ள சந்து தீத்தடுப்புப் பொருளால் அடைக்கப்பெறல் வேண்டும். புகை வெளியேறவும் வழி வேண்டும்.

களப்பணியாளர் பலகைகளை மாட்டும்பொழுதே இவற்றைச் சோதித்தல் நன்று. போல்ட் நீள்துளையின் நடுவில் உள்ளதா, சந்து அடைபட்டுள்ளதா என்பன சுவர் மூடிய பின்னர்க் கண்ணுக்குப் புலப்படா. ஆசிரியர்களும் வெப்ப விரிவு பற்றிய பாடத்தில் தண்டவாள இடைவெளியோடு இந்நீள்துளையையும் எடுத்துக்காட்டலாம். நகரத்து மாணவர்க்கு அது அருகிலுள்ள சான்றாகும்.