‘கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லை’: சொகுசுக் கப்பல் பயணம் குறித்துச் சில குறிப்புகள்

1

‘குரூஸ்’ போய்விட்டு வந்தவர்களிடம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முதலில் கேட்கப்படும் கேள்வி கடல் எப்படி இருந்தது என்பதல்ல. “எவ்ளோ ஆச்சு? கட்டுப்படி ஆவுதா?” என்பதுதான். நான் கேட்டவரையில் பதிலும் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வருகிறது: “குடுத்த காசுக்கு வஞ்சன இல்ல.”

இந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் நண்பர்கள் இதை ‘நுகர்வு வெறி’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படித் தள்ளுவது எளிது. ஆனால் எதையும் விளக்காது. போகிறவர்கள் யார்? ஓய்வூதியப் பணம் கைக்கு வந்த ஆசிரியர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர்கள், ‘டார்கெட்’ முடித்ததற்காகக் கம்பெனி அனுப்பிவைக்கும் உர வியாபாரிகள், சிமெண்ட் வியாபாரிகள். கோடீஸ்வரர்கள் அல்ல, நம் தெருக்காரர்கள்.

வஞ்சனை இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, வஞ்சிக்கப்படுவோமோ என்ற பயத்தோடுதான் அவர் போயிருக்கிறார் என்பதும் வெளிப்படுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

2

சொகுசுக் கப்பலின் விலை எப்படி உண்டாகிறது? விளம்பரத்தில் போடப்படுவது ஓர் அறையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு ஓர் ஆளுக்குக் கணக்கிட்ட தொகை. தனியாகப் போகிறவர் பல சமயங்களில் காலியாகக் கிடக்கும் இன்னொரு படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு ஒரு விலை, கடல் தெரியும் அறைக்கு ஒரு விலை, பால்கனி வைத்த அறைக்கு இன்னொரு விலை. கடலில் போகிறவருக்குக் கடலைக் காட்டுவதே தனிக் கட்டணம் என்பதைக் கவனியுங்கள். துறைமுகக் கட்டணம் தனி. ஊழியர்களுக்கான ‘டிப்ஸ்’ பல நிறுவனங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறிவிடும். மது, இணையம், மசாஜ், கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் பேருந்து எல்லாமே மேல்செலவு. நம் ஊரிலிருந்து போகிறவருக்கு விமான டிக்கெட்டும், சிங்கப்பூரிலிருந்து கப்பல் வெளியேறித் திரும்பி வந்தால் மறுபடி உள்ளே நுழைய இடம்தரும் விசாவும் சேர வேண்டும்.

உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டிலிருந்து வருவதல்ல. கப்பலில் ஏறிய பிறகு செலவழிக்கப்படும் பணத்திலிருந்து வருகிறது. அதாவது டிக்கெட் என்பது நுழைவுச்சீட்டு மாத்திரமே. நம்மூர்ப் பொருட்காட்சியில் உள்ளே போகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ராட்டினத்துக்கும் அப்பளத்துக்கும் தனியாகக் கறப்பதைப் போல. ஒரே ஒரு வித்தியாசம்: பொருட்காட்சி பிடிக்கவில்லையென்றால் வெளியே வந்துவிடலாம். கப்பலிலிருந்து எங்கே வருவது?

3

வெளியே வரமுடியாத இந்தத் தன்மைதான் கப்பலின் இன்பமாகவும் விற்கப்படுகிறது. ரொலான் பார்த் 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பில் ழூல் வெர்னின் நீர்மூழ்கியைப் பற்றி எழுதும்போது, கப்பலை விரும்புவது அடைபட்டிருப்பதை விரும்புவதே என்கிற பொருள்படச் சொல்கிறார். மிஷேல் ஃபூக்கோ 1967இல் கட்டடக் கலைஞர்கள் முன் ஆற்றிய உரையொன்றில் (1984இல்தான் அச்சாயிற்று) வேற்றுவெளிகள் என்று சிலவற்றைப் பட்டியலிடுகிறார்: கல்லறை, சிறை, தோட்டம், விடுதி. சமூகத்துக்கு உள்ளேயே இருந்துகொண்டு சமூகத்தின் விதிகளைத் தலைகீழாக்கும் இடங்கள் இவை. அப்பட்டியலின் உச்சத்தில் அவர் வைப்பது கப்பலை. இடமற்ற இடம், மிதக்கும் இடம்.

ஃபூக்கோவுக்குக் கப்பல் கனவுகளின் களஞ்சியம். ஆனால் சொகுசுக் கப்பல் அந்தக் கனவுக்கு ரசீது போடுகிறது. ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதைத் தாண்டிய பிறகே சூதாட்ட மேசைகளைத் திறப்பது பொதுவான வழக்கம். எந்த ஊருக்கும் போகாமல் ஆழ்கடல்வரை போய்த் திரும்பும் பயணமும் உண்டு. அங்கே விற்கப்படுவது ஊர் அல்ல. சட்டம் இல்லாத ஓரிரு இரவுகள்.

இது தூரத்துச் சங்கதி இல்லை. 2022 ஜூன் 4 அன்று தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். அது புதிய கப்பல் அல்ல. 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில், மயாமியிலிருந்து பஹாமாஸ் போய்வரும் மூன்று நான்கு நாள் பயணங்களுக்காகக் கட்டப்பட்டது. விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வழியாகத் திரும்புவது திட்டம். கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, அந்த மாதம் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. சாராயத்துக்குப் பேர்போன புதுச்சேரி கலாச்சாரத்தைக் காப்பாற்றப் புறப்பட்டதைப் பார்த்து நாம் சிரித்தோம். ஆனால் கப்பலில் வேலை செய்கிறவர்கள் யார், அவர்களுடைய வேலை நேரம் என்ன என்று ஆதரித்தவர்களும் கேட்கவில்லை, எதிர்த்தவர்களும் கேட்கவில்லை.

4

2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கடைசிப் பெயரில் கொஞ்சம் நிற்க வேண்டும். காங்கேசன்துறையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கு, 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்டு உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட பகுதி. பக்கத்திலுள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான், 27 ஆண்டுகள் கழித்து, மீனவர்களிடம் திரும்பியது. சொந்தத் துறையில் கால்வைக்க ஒரு தலைமுறை காத்திருந்தவர்களின் கரையில் சுற்றுலாப் பயணி சில மணி நேரம் இறங்கி ஏறுகிறார். ‘எக்ஸ்கர்ஷன்’ என்ற தலைப்பில் இந்த வரலாறு வராது. வராமல் பார்த்துக்கொள்வதும் அந்தக் கட்டணத்தில் அடக்கம்.

அதே காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபர் 14 அன்று சாதாரணப் பயணிகள் கப்பல் ஒன்று விடப்பட்டது. சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். அதில் உறவைப் பார்க்கப் போகிறவரும் மூட்டை கொண்டுபோகிறவரும் ஏறலாம். இப்படிப்பட்ட வழி நம் இரண்டு ஊர்களுக்கும் புதிதல்ல. 1914 முதல் எழும்பூரிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடிவரை போன ‘போட் மெயில்’ ரயில், கப்பலோடு இணைந்து கொழும்புவரைக்கும் ஒரே பயணமாக இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பலும் 1980களில் போரோடு நின்றது. பயணம் என்பது போக்குவரத்தாக இருந்தபோது ‘கட்டுப்படி ஆகுமா’ என்ற கேள்விக்கு ஓர் அளவுகோல் இருந்தது: போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோமா? போவதற்கு இடமே இல்லாத கப்பலில் அந்த அளவுகோல் செல்லாது. ஆகவே தின்ற தட்டுகளை எண்ண வேண்டியிருக்கிறது.

5

போய்வந்தவர் போகாதவருக்கு வழிசொல்வது தமிழில் பழைய வடிவம். ஆற்றுப்படை என்கிறோம். அதிலும் சிறுபாணாற்றுப்படை நம் மண்ணின் பாட்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறிய பாணன் ஒருவனை எதிர்ப்பட்டு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு ஆற்றுப்படுத்துகிறான். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினம் மரக்காணம் என்பது அறிஞர் கருத்து. வழியெங்கும் சாப்பாடு: பட்டினத்தில் நுளையர் தரும் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் உழவர் தரும் வெண்சோறும் நண்டும்.

இந்த வடிவத்தைப் புனிதப்படுத்துவது என் எண்ணமல்ல. அது புரவலனைப் புகழும் பாட்டு. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பாணன் பெற்றவன், ஆகவே புகழ்கிறான். சொகுசுக் கப்பலில் போனவர் கொடுத்தவர், ஆகவே புகழ வேண்டியிருக்கிறது. இரண்டு லட்சம் செலவழித்தேன், வீண் என்று எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது? பாணன் வழியில் நுளையரையும் எயினரையும் உழவரையும் முகம் பார்த்துச் சாப்பிட்டான். கப்பலில் சாப்பாடு யார் கையிலிருந்து வருகிறது என்பது தெரியாமலிருக்கும்படி தளங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமையற்கட்டும் ஊழியர் அறைகளும் பெரும்பாலும் பயணி கால்வைக்காத தளங்களில், நீர்மட்டத்தை ஒட்டியோ கீழேயோ.

பெண்கள் சொல்வது வேறு. திண்டிவனத்தில் ஓர் அம்மா சொன்னார்: “நாலு நாளு அடுப்பு இல்ல, பாத்திரம் இல்ல. எனக்கு அது போதும்பா.” முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவருக்கு அந்த நான்கு நாள் நிஜமான விடுதலை. மூட்டையை ஒருமுறை பிரித்து வைத்துவிட்டால் போதும், அறையே ஊர் ஊராக நகரும் என்பது நடக்கமுடியாத பெரியவர்களுக்கு நிஜமான வசதி. ‘நுகர்வு வெறி’ என்று எழுதும் நம் தோழர்கள் தங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார் என்று பார்த்துவிட்டு எழுதலாம். அந்த அம்மாவின் ஓய்வு நியாயமானது. அந்த ஓய்வை உண்டாக்குகிறவரின் ஓய்வு எங்கே என்பதே அடுத்த கேள்வி.

6

இம்மாவட்டங்களில் இன்னொரு வகைக் கப்பல் பயணியும் இருக்கிறார். கேட்டரிங் டிப்ளமோ படித்த, இருபத்திரண்டு வயதுப் பையன். கப்பலில் வேலை என்று ஏஜெண்டிடம் நிலத்தையோ நகையையோ வைத்துப் பணம் கட்டுகிறான். வெளிநாட்டுக் கப்பல் பயணம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியை அதிக ஆபத்தோடு கேட்க வேண்டியவன் இவன்தான். இவனிடம் யாரும் கேட்பதில்லை.

இவனுக்கு முன்னோர் உண்டு. 1860–61இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். மலேயாத் தோட்டங்களுக்குத் தென்னார்க்காட்டிலிருந்தும் போனார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தால் பயணச்செலவே முதல் கடனாக ஆனது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. அதற்குப் பின்வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து, உயிர்கள் போய், அத்தோடு அந்தச் சேவையும் முடிந்தது. அன்று கடன் கங்காணியிடம், இன்று அடகுக்கடையில்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2015இல் ஏற்றது. அறை கூட்டுகிறவரும் தட்டு கழுவுகிறவரும் அதன்படி கடலோடிகளே. வேலை வாங்கித்தர அவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவர்களுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் முதலாளியைச் சேர்ந்தது. ஆக, லட்சக்கணக்கில் ‘சர்வீஸ் சார்ஜ்’ கேட்கும் ஏஜெண்ட் சட்டத்தை மீறுகிறார். இந்தியாவில் ஆள் சேர்க்கும் நிறுவனம் கப்பல்துறைத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைச் சரிபார்க்கலாம்.

அதே உடன்படிக்கையின் இன்னொரு பக்கம்: வேலை நேரத்தை வாரம் 72 மணி என்றோ, ஓய்வை வாரம் குறைந்தது 77 மணி என்றோ ஒரு நாடு வரையறுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி. இரண்டாவது முறையில் 91 மணி நேரம் வேலை வாங்கலாம், சட்டப்படி. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். அக்கரையிலிருந்து புறப்படும் கப்பல்களின் உள்ளே எட்டு மணி நேரம் என்பது இன்னும் வந்துசேராத துறைமுகம். பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடி பறக்கும் கப்பலில் அந்த நாட்டின் சட்டம் செல்லும். பயணிக்கு விடுதலை தருகிற அதே ‘இடமின்மை’ தொழிலாளிக்குக் கேட்பாரின்மை.

7

சாதி? கடலோடுவதைச் சாதியிழப்புக்குரிய குற்றங்களில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது பௌதாயன தர்மசூத்திரம். அதே நூல் கடற்பயணத்தை வடக்கத்தியாரின் தனி வழக்கங்களில் சேர்க்கிறது. தெற்கத்தியாரின் வழக்கமாக அது சொல்வது மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதை. சாதி போய்விடும் என்ற பயம் இல்லாதவர்கள், அல்லது சாதியால் இழப்பதற்கு ஏதுமில்லாதவர்கள், கூலிக் கப்பல்களில் ஏறினார்கள்.

இன்று நடப்பது சற்றுச் சிக்கலானது. கப்பலில் ‘ஹவுஸ்கீப்பிங்’ என்பதில் கழிப்பறை சுத்தம் செய்வதும் அடங்கும். ஊரில் அந்த வேலையைக் கனவிலும் தொடாத சாதிப் பையன் அங்கே செய்கிறான். ஊருக்குப் பேசும்போது “ஓட்டல் டிபார்ட்மெண்ட்” என்கிறான். ஊர்க்கண் பார்க்காத இடத்தில் வேலைக்குத் தீட்டு இல்லை. கூலி டாலரில் வந்தால் இன்னும் இல்லை. சேரிப் பையனுக்கோ அதே கண் இல்லாமை வேறொன்றைத் தருகிறது: தெருப்பெயர் கேட்கப்படாத ஓர் அறை. அவன் கொடுத்த விலை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

8

ஆக, கட்டுப்படியாகுமா? சுற்றுலா போகிறவருக்கு என் பதில்: ஓய்வு வேண்டுமென்றால் ஆகும், ஊர் பார்க்க வேண்டுமென்றால் ஆகாது. ஒரு துறைமுகத்தில் கிடைப்பது சில மணி நேரம். அதே பணத்தில் அந்த ஊரில் பல நாள் தங்கலாம். விளம்பர விலையோடு மேல்செலவுக்காக இன்னும் பாதியைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. வேலைக்குப் போகிறவருக்கு: பணம் கேட்கும் ஏஜெண்டிடம் போனால் ஆகாது. வட்டியைக் கழித்து, மாதச் சம்பளத்தை வேலை மணிகளால் வகுத்துப் பாருங்கள்.

நம்மைப் போன்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. போய்வந்த பயணிகளின் சொல்லாடல் ஏராளமாகக் கிடைக்கிறது. கீழ்த்தளத்தில் இருந்து திரும்பியவர்களின் பேச்சு அச்சில் அநேகமாக இல்லை. விழுப்புரம் ஜங்ஷனைச் சுற்றி அரை நாள் விசாரித்தால் இப்படி இரண்டு பேராவது கிடைப்பார்கள். ஏஜெண்டுக்குக் கட்டியது எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மாதம், கையில் நின்றது எவ்வளவு என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். வஞ்சனை உண்டா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.