காற்றோடு ஒரு பந்தயம்

ஆடி மாதத்தில் எங்கள் உத்திரமேரூர் ஏரிக் கரைக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். புடவைத் தலைப்பு ஒரு பக்கம் இழுக்கும். கையிலிருக்கும் குடை இன்னொரு பக்கம் இழுக்கும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று பாட்டிமார் சொன்னது பொய்யில்லை என்பது அப்போது தெரியும்.

சென்ற ஆடியில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரி ஓரத்தில் என் தங்கை மகன் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓர் அடி அடித்தான். புள் ஜிவ்வென்று மேலே கிளம்பியது. நடு வானத்தில் ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு காற்றோடு திரும்பி வந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது! பையனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! கிட்டியை வீசி எறிந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"போங்க பெரியம்மா! இந்தக் காத்துலே மனுஷன் ஆட முடியுமா?"

"இதைவிடப் பெரிய காத்துலே ஆடறதுக்குன்னே கப்பலேறிப் போனவங்க இருக்காங்கடா" என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களும் நம்பாவிட்டால் என்னுடன் ஸ்காட்லாந்து வரை வாருங்கள். டிக்கெட் செலவு கிடையாது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறிய பட்டணம். கோல்ப் ஆட்டத்துக்கு அதுதான் காசி, ராமேசுவரம் எல்லாம். உலகத்தின் நாலா மூலைகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் அங்கே யாத்திரை போகிறார்கள். சுமார் 46 கிராம் எடையுள்ள சின்னஞ்சிறு பந்தைக் கோலால் அடித்துக்கொண்டே போய், பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச் செய்ய வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. ஆட்டம் இவ்வளவுதான்.

கடலுக்கும் வயலுக்கும் நடுவே, பயிர் எதற்கும் உதவாத மணல் மேடுகள் அங்கே உண்டு. அவற்றை 'லிங்க்ஸ்' என்பார்கள். அந்த மேடுகளே ஆடுகளம். ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. குட்டைப் புல்லும், மஞ்சள் பூப்பூக்கும் 'கோர்ஸ்' என்ற முட்புதரும்தான். (வெள்ளைக்காரர்கள் இந்தப் புதரை நம் நீலகிரிக்கும் கொண்டு வந்து நட்டார்கள்.) போதாததற்கு, பழைய மைதானம் என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் 112 மணல் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி கடல் காற்று. முதல் பாதி ஆட்டம் ஊரை விட்டு வெளியே போகும். மறு பாதி ஊரை நோக்கித் திரும்பும். போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, வரும்போது முகத்தில் அறையும். அதாவது நியாயம். சில நாட்களில், நாம் திரும்புகிற நேரம் பார்த்துக் காற்றும் திரும்பி, இரண்டு தடவையும் முகத்திலேயே அறைவது உண்டு!

முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு அந்த இடம் ஏமாற்றத்தையே தரும். 1946-ல் அமெரிக்க வீரர் சாம் ஸ்னீட் அங்கே போட்டிக்கு வந்தார். ரெயில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ கைவிட்டுப் போன பழைய மைதானம் போலிருக்கிறதே என்றாராம். உள்ளூர்க்காரர்களின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் போட்டியில் ஜயித்தவரும் அவரேதான்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1921-ல் அமெரிக்காவிலிருந்து பாபி ஜோன்ஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞர் வந்தார். கெட்டிக்காரர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். மூன்றாவது சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள் ஆகிவிட்டன. பதினோராவது குழியை நெருங்கும்போது பந்து மணலில் புதைந்து படாத பாடு படுத்தியது. கடைசியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகிவிட்டார். எங்கள் வீட்டுப் பையன் கிட்டியை எறிந்தானே, அதே கதைதான்!

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிர்க் காற்று அடித்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் பலமாக அடிப்போம். அங்கேதான் வினை. பலமாக அடிக்க அடிக்கப் பந்து பின்புறமாக அதிக வேகத்தில் சுழலும். அந்தச் சுழற்சியே அதை மேலே தூக்கும். மேலே போன பந்து காற்றின் கையில் அகப்பட்ட பட்டந்தான். அதனால் அனுபவசாலிகள் எதிர்க் காற்றில் கையை ஓங்குவதில்லை. வழக்கத்தைவிடத் தூரம் போகக்கூடிய கோலை எடுத்து மெதுவாக வீசி, பந்தைத் தாழ்வாக அனுப்புவார்கள். அது தரையோடு தரையாக உருண்டு போய்ச் சேரும்.

இந்த வித்தை நம்மவர்களுக்கும் கைவந்தது. 'பறக்கும் சீக்கியர்' மில்கா சிங்கைத் தெரியாதவர் யார்? அவருடைய மகன் ஜீவ் மில்கா சிங், 2012 ஜூலையில் ஸ்காட்லாந்தின் வடக்கே, அன்று காஸில் ஸ்டூவர்ட் என்று பெயர் கொண்டிருந்த கடற்கரை மைதானத்தில் ஸ்காட்டிஷ் ஓபன் போட்டியில் கலந்துகொண்டார். கடைசி நாளில் மற்றவர்கள் காற்றில் தத்தளிக்க, அவர் 67 அடிகளில் சுற்றை முடித்துவிட்டுக் காத்திருந்தார். முன்னணியில் இருந்த இத்தாலிய வீரர் மொலினாரி கடைசிக் குழியில் ஓர் அடியை இழந்தார். இருவரும் சமம்! மீண்டும் ஆடியபோது முதல் குழியிலேயே ஜீவ் வென்றுவிட்டார்.

"சரி, பெண்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் காலத்தில் பெண்கள் கோலைத் தோளுக்கு மேல் தூக்குவதே அடக்கமில்லை என்று ஆண்கள் நினைத்தார்கள். பெண்கள் சண்டைக்குப் போகவில்லை. 1867-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, மேடும் பள்ளமுமான ஒரு புல்தரையில் பந்தை உருட்டி ஆடினார்கள். அந்தப் புல்தரையின் பெயர் என்ன தெரியுமா? 'ஹிமாலயாஸ்'! நம் இமயமலைதான். 1754-ல் ஏற்பட்ட ஆண்கள் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது 2014-ல். இருநூற்று அறுபது வருஷம்! காற்றைவிடப் பெரிய எதிரி இதுதான் போலிருக்கிறது.

பத்து வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், அதே பழைய மைதானத்தில் பெண்களுக்கான ஓபன் போட்டி நடந்தது. முதல் நாட்களில் ஆளைத் தள்ளும் காற்று. கடைசி நாளில் மழையும் சேர்ந்துகொண்டது. நியூஸிலாந்தின் லிடியா கோ பதறாமல் ஆடி, பதினெட்டாவது குழியில் ஓர் அடியை மிச்சம் பிடித்து வெற்றி பெற்றார். அதே மாதந்தான் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமும் வாங்கியிருந்தார்.

அந்தக் கோபக்கார இளைஞர் என்ன ஆனார் என்று சொல்ல மறந்துவிட்டேனே! ஜோன்ஸ் அன்று செய்ததை எண்ணி வெட்கப்பட்டார். கோபத்தை விட்டார். 1927-ல் திரும்பி வந்து அதே மைதானத்தில் ஓபன் பட்டத்தை வென்றார். கோப்பையை அந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். ஊர் ஜனங்கள் உருகிவிட்டார்கள். 1936-ல் அவர் சும்மா ஒரு சுற்று ஆட வந்தபோதுகூட ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள்.

1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவருக்கு நகர உரிமை வழங்கிக் கௌரவித்தது. அவருக்கு முன் அந்தக் கௌரவம் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே. முதுகெலும்பு நோயால் ஜோன்ஸ் அப்போது தடியூன்றித்தான் நடந்தார். கோலைப் பிடித்து வருஷங்கள் ஆகியிருந்தன. தம் வாழ்க்கையில் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, இந்த ஊரில் பெற்ற அனுபவங்களை மட்டும் விட்டுவைத்தாலும் தமது வாழ்வு நிறைந்த வாழ்வே என்று அன்று அவர் பேசினார். எந்த ஊரில் தோற்று ஓடினாரோ, அந்த ஊரைப் பற்றி!

எங்கள் ஊர்க் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கு விதி வெட்டி வைத்திருக்கிறார்கள். கோல்ப் ஆட்டத்துக்கும் ஆதாரமான விதி ஒன்று உண்டு: பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும். காற்று செய்த அநியாயத்துக்கு அப்பீல் கிடையாது. குடும்பம் நடத்துகிற நமக்கு இந்த விதியை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, இல்லையா?

கதை முடிந்ததும் பையன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய், எறிந்த கிட்டியைத் தேடி எடுத்தான். இந்தத் தடவை கையை ஓங்கவில்லை. புள்ளைத் தாழ்வாகத் தட்டினான். அது காற்றுக்குக் கீழே நுழைந்து விர்ரென்று ஓடியது.

"பெரியம்மா, பாத்தீங்களா!" என்று அவன் போட்ட கூச்சல் மட்டும் காற்றோடு என் காதுக்கு வந்து சேர்ந்தது.