அழையாமல் வரும் அனல்
குளிர் நாட்டு வீடுகளில் ரேடியேட்டர் தானாகச் சூடேறுவது ஏன்?

இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ, பிரசவ காலத்தை ஒட்டிச் சில மாதங்கள் சென்று தங்கி வருவது, வடநாட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. அங்கே செல்வோர் ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே வெண்ணிற இரும்புப் பலகை ஒன்று சுவரோடு பொருத்தப்பட்டிருக்கக் காண்பர். அதுவே ரேடியேட்டர். அதனுள் வெந்நீர் ஓடுகிறது. அதன் உஷ்ணத்தால் அறை வெதுவெதுப்பாகிறது. டில்லிக் குளிரில் ரஜாயும் மின்சார ஹீட்டருமே கதியென்று கிடந்தவர்களுக்கு இது பெருஞ்சுகம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ஸ்விட்சை அணைத்த பின்னரும் இந்தப் பலகை தானாகச் சூடேறுவதுண்டு. நடுக்கோடையில், குளிப்பதற்கு மட்டும் வெந்நீர் வைத்த வேளையில், மாடியறை ரேடியேட்டர் தொட முடியாதபடி கொதிப்பதும் உண்டு. பிள்ளைகள் வேலைக்குச் சென்றுவிட்ட பகற்பொழுதில் பெரியவர்கள் இதைக் கண்டு திகைக்கிறார்கள். இதன் காரணங்கள் சிலவே. அவற்றை அறிந்துகொண்டால் திகைப்புக்கு இடமில்லை.

பொருட்படுத்த வேண்டிய காரணம்

எரிவாயு வீணாவது ஒரு நஷ்டம். அதனினும் முக்கியமானது குழந்தையின் நலம். பச்சிளங் குழந்தை உறங்கும் அறை 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு மருத்துவத் துறையின் அறிவுரை. குழந்தைக்கு உஷ்ணம் மிகுவது, தூக்கத்திலேயே திடீரென்று உயிர் பிரியும் அபாயத்தை அதிகமாக்குகிறது. நமக்கோ 20 டிகிரி என்பது குளிர்காலம்! ஆதலால், அறை தானாகச் சூடேறினால் "குழந்தைக்கு இதமாகத்தானே இருக்கிறது" என்று எண்ணி, மேலும் ஒரு கம்பளியைப் போர்த்துவது நம்மவர் இயல்பு. அந்த இயல்பை அங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். தொட்டிலை ரேடியேட்டரின் அருகில் போடலாகாது. அறையில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி வைப்பது நன்று.

வெந்நீரின் இரு பாதைகள்

வீட்டின் ஒரு மூலையில் பாய்லர் இருக்கிறது. பெரும்பாலும் எரிவாயுவால் எரியும் அது நீரைச் சுடவைக்கிறது. சுட்ட நீரைப் பம்பு தள்ள, ஒரு குழாய் வழியே அது ரேடியேட்டர்களுக்குச் சென்று, உஷ்ணத்தை இழந்து, மற்றொரு குழாய் வழியே பாய்லருக்குத் திரும்புகிறது. அதே பாய்லரே குளிப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் வேண்டிய வெந்நீரையும் தருகிறது. பல வீடுகளில் இதற்கெனத் தனிச் செப்புத் தொட்டி உண்டு. பாய்லர் நீர் அத்தொட்டிக்குள் சுருட்டி வைத்த குழாய் வழியே ஓடி, தொட்டி நீரைச் சூடாக்கும். 'காம்பி' பாய்லர் உள்ள வீடுகளில் தொட்டி இல்லை. குழாயைத் திறந்தவுடன் பாய்லரே நேராக வெந்நீர் தரும்.

ஆகவே, பாய்லரிலிருந்து புறப்படும் நீருக்குப் பாதைகள் இரண்டு: ஒன்று ரேடியேட்டருக்கு, மற்றொன்று குளியல் வெந்நீருக்கு. எந்தப் பாதையைத் திறப்பது, எதை மூடுவது என்பதைத் தீர்மானிப்பவை மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள். ரயில் தண்டவாளத்தில் வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பும் பாயிண்டு போன்றவை இவை. பாயிண்டு சரியாகப் பொருந்தாவிடில் வண்டி வேண்டாத பாதையில் போகும் அல்லவா? வெந்நீரும் அவ்வாறே.

முழுதும் மூடாத வால்வு

ஆண்டுக்கணக்கில் இரும்புப் பலகைகளுக்குள் ஓடும் நீரில் கருந்துருச் சேறு சேர்கிறது. அது வால்வினுள் படிந்தால் வால்வு முழுதும் மூடுவதில்லை. வால்வைத் திருப்பும் சிறு மோட்டாரோ, மின்சாரம் நின்றதும் அதை மூட வேண்டிய ஸ்பிரிங்கோ பழுதானாலும் விளைவு அதுவே. வெப்பமூட்டலை அணைத்து வெந்நீரை மட்டும் வைத்தபோது ரேடியேட்டர்கள் சூடேறினால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. ரேடியேட்டர்களுக்குச் செல்லும் வால்வைத் தாண்டி, ஒரு முழத் தூரத்தில் குழாயை இலேசாகத் தொட்டுப் பார்க்கலாம். வால்வுக்கு மிக அருகில் உலோகத்தின் வழியாகவே சிறிது சூடு பரவும், அது கணக்கில்லை. ஒரு முழத்திற்கு அப்பாலும் சுட்டால் நீர் கசிந்து செல்கிறது என்பது தெளிவு. வேறொரு காரணமும் உண்டு. இவ்வகை வால்வுகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்களில் புதுநீர் நிரப்புகையில் வேலையாள் அதை நகர்த்தி ஒரு காடியில் மாட்டுவார். அதை விடுவிக்காமலே சென்றுவிட்டால், மோட்டார் மறுபடி இயங்கும்வரை வால்வு திறந்தே கிடக்கும். இதற்குப் பழுதுபார்ப்பு ஏதும் வேண்டியதில்லை. நெம்புகோலை அதன் இடத்திற்குக் கொண்டுவந்தால் போதும்.

காம்பி பாய்லரில் பாதை திருப்பும் வால்வு பாய்லருக்குள்ளேயே இருக்கிறது. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறக்கும் போதெல்லாம் ரேடியேட்டரும் சூடேறினால், அந்த வால்வே குற்றவாளி.

பம்பு இல்லாமலே ஓடும் நீர்

மாடியிலுள்ள ரேடியேட்டர்கள் மட்டும் சூடேறி, கீழே உள்ளவை குளிர்ந்தே இருந்தால் காரணம் வேறு. சூடான நீர் இலேசாகி மேலே எழும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் எடை சுமார் 998 கிராம். 80 டிகிரியில் சுமார் 972 கிராம். இந்த 26 கிராம் வித்தியாசமே நீரைப் பம்பு இல்லாமல் மாடிக்கு ஏற்றப் போதுமானது. நம் ஊர் மொட்டை மாடிகளில் காணும் சூரிய வெந்நீர்ச் சாதனங்கள் பலவும் இந்தத் தத்துவத்தால்தான் பம்பின்றி இயங்குகின்றன.

பம்பு வழக்கத்திற்கு வராத காலத்தில், மேல்நாட்டுக் கட்டடங்களை வெப்பமூட்டியதும் இவ்வியற்கைச் சுழற்சியே. அன்று வேலைக்காரனாக இருந்த இயற்கை, இன்று அழையாத விருந்தாளியாகிவிட்டது. அதைத் தடுக்க ஒருவழி வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்துவர். பழைய வீடுகளில் அது இல்லாமற் போகலாம், அல்லது சேற்றினால் திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

எங்கோ ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும், வழக்கமாக முதலில் சூடேறும் முனையை விட்டு மற்ற முனையிலிருந்து சூடேறினால், குழாய் இணைப்பிலேயே தவறு இருக்கக்கூடும். செப்புத் தொட்டியிலிருந்து திரும்பும் குழாய், மற்றெல்லாத் திரும்பு குழாய்களுக்கும் பின்னர், பாய்லருக்கு மிக அருகில் சேர வேண்டும் என்பது விதி. முன்னதாகவே சேர்த்துவிட்டால் தொட்டியின் வெந்நீர் பின்வழியாக ரேடியேட்டருக்குள் புகும்.

பழுதன்று, பாதுகாப்பு

அழையாமல் வரும் அனல் எல்லாம் பழுதென்று கொள்ளலாகாது. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிவடைகிறது. அதனால் குழாய் வெடித்து வீடு வெள்ளக்காடாகும். இதைத் தவிர்க்க, ஸ்விட்சு அணைந்திருந்தாலும், உஷ்ணம் 5 டிகிரி அளவுக்கு இறங்கியதும் பாய்லரை எரியவைக்கும் காவல் அமைப்பு பெரும்பாலான வீடுகளில் உண்டு. பாய்லர் அணைந்த பின்னும் பம்பு சில நிமிடம் ஓடுவது, அதனுள் மிஞ்சிய உஷ்ணத்தை அகற்றுவதற்காகவே.

ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண்கள் பொறித்த திருகு ஒன்று இருக்கும். அது தண்ணீர்க் குழாய் போன்று திறந்து மூடுவதன்று. அறைக் காற்றின் உஷ்ணத்தை உணர்ந்து தானே திறந்து மூடுவது. 3 என்ற எண் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியது. பனித்துகள் குறியில் வைத்தாலும் சுமார் 7 டிகிரியில் அது திறந்துகொள்ளும். அறை சுடுகிறதே என்று நம்மவர் ஜன்னலைத் திறப்பர். குளிர்காற்று திருகின்மேல் பட்டதும் அது அறை குளிர்ந்ததாக எண்ணி, இன்னும் அகலத் திறக்கும். பலகை முன்னிலும் அதிகமாகச் சுடும்! திருகைக் குறைத்துவிட்டு, அதன் பிறகே ஜன்னலைத் திறப்பது முறை.

இனிக் கூறுவதைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். கிராமப்புறங்களில் சில வீடுகளில் பாய்லர் விறகாலோ கரியாலோ எரிகிறது. எரியும் கரியை ஸ்விட்சினால் அணைக்க இயலாது. மின்சாரம் நின்று பம்பும் நின்றால், அந்த உஷ்ணம் எங்கேனும் வெளியேறியாக வேண்டும். அதற்கென்றே, உயரமான இடத்தில், மூடும் வால்வு இல்லாத ரேடியேட்டர் ஒன்றை வைத்திருப்பர். "இது மட்டும் எப்போதும் சுடுகிறதே" என்று அதற்கு ஒரு வால்வைப் போட்டு அடைத்தால், பாய்லரில் நீர் கொதித்து ஆவியாகி வெடிக்கும் அபாயம் உண்டு. அந்த ரேடியேட்டர் சுடுவது வீட்டாரைக் காப்பதற்காகவே.

செய்யத்தக்கது, தகாதது

எது சுடுகிறது, எப்போது சுடுகிறது, அப்போது வெந்நீர் ஓடிற்றா, மாடியா கீழ்த்தளமா என்பவற்றை இரண்டு நாள் தாளில் குறித்து வையுங்கள். கடிகாரத்தையும் பாருங்கள்: அந்நாட்டில் மார்ச்சுக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னும், அக்டோபர்க் கடைசி ஞாயிறன்று ஒரு மணி பின்னும் திருப்புகிறார்கள். பாய்லரின் கடிகாரத்தைத் திருப்பாவிடில் அது வேளை தவறி எரியும். அறைகளுக்கிடையே தூக்கிச் செல்லக்கூடிய தெர்மாஸ்டாட்டாயின், அது குளிர்ந்த நடையிலோ கதவோரத்திலோ கிடக்கிறதா என்று பாருங்கள். இவை யாவரும் செய்யலாம்.

பாய்லரின் மூடியைத் திறப்பது மட்டும் தகாது. எரிவாயு வேலைக்கு, 2009 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் பெயர் உள்ளவரையே அழைக்க வேண்டும். அவரிடம் அடையாள அட்டை இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். மூடிய அறையில் கரி அங்கீட்டியை வைத்து உறங்கி உயிரிழந்தோர் செய்தியை வடநாட்டுக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அதே நச்சு வாயுவைப் பழுதான பாய்லரும் உண்டாக்கும். பாய்லர் உள்ள அறையில் அதை அறிவிக்கும் அலாரம் இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் வாடகை வீடாயின், 2022 அக்டோபர் 1 முதல் அதை வைப்பது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை.

அழையாமல் வந்த அனலைக் கண்டதும் அடைக்க முற்படாமல், அது பழுதா பாதுகாப்பா என்று முதலில் விசாரித்து அறிவதே நலம். பழுதாயின் தக்கவரை அழையுங்கள், பாதுகாப்பாயின் விட்டுவிடுங்கள். எதுவாயினும், குழந்தையின் தொட்டிலை மட்டும் அன்றைக்கே வேறு பக்கம் நகர்த்திப் போடுங்கள்.