பெயராப் புள்

பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் விடியற்காலை நிற்பவர் கண்ணில் முதலில் படுவது மணல் அன்று, கருங்கல். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட, வடக்கிலுள்ள ஊர்களின் கரையைக் கடல் அரித்தது. அரித்த இடமெல்லாம் கல் கொட்டினார்கள். மீனவர்க்குப் படகேற்ற இடமில்லாமற் போன கதை ஊரறிந்தது. அலைக்கு முன்னும் பின்னும் ஓடி ஈர மணலில் இரை பொறுக்கும் சிற்றுள்ளான்களுக்கும் அன்றே இடம் போயிற்று. கல்லால் ஆதாயம் அடைந்தவையும் உண்டு. கல்திருப்பி உள்ளான் பாசியேறிய இடுக்குகளைக் கிளறுகிறது. சாம்பல்நிறக் கரைக்கொக்கு கல்லோடு கல்லாய் நிற்கிறது.

அப்படியொரு கல்லின்மேல் தை மாதக் காலையில் அமர்ந்திருந்த பழுப்புத்தலைக் கடற்காகத்தைத் தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தேன். அலகு நுனியில் ஒரு துளி திரண்டது; தலையை உதறியது; துளி தெறித்தது. சற்று நேரத்தில் மறுபடியும் திரண்டது. "பாவம், சளி பிடித்திருக்கிறது" என்றார் உடன் வந்தவர். சளியன்று, உப்பு. கடற்பறவைகளுக்குக் கண்களின் மேற்புறத்தில் இரண்டு உப்புச் சுரப்பிகள் உள்ளன. குருதியில் மிகும் உப்பை அவை பிரித்து, கடல்நீரினும் செறிந்த கரைசலாக மூக்குத்துளை வழியே வடித்துவிடுகின்றன. இதே பறவை கோடையில் லடாக், திபெத்து மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. நன்னீரில் வாழுங்கால் இச்சுரப்பி சுருங்கும். உவர்நீருக்கு வந்தால் பருக்கும். சிறுநீரகத்தால் முடியாத வேலையை நெற்றி செய்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். மேற்கே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. உப்பளத்துக்கு அத்தகைய தகுதி எதுவுமில்லை. அது மனிதன் வெட்டிய பாத்தி, மனிதன் போட்ட வரப்பு. ஆயினும் பறவைக்கு வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருப்பது அதுதான் என்பேன்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவிடுகிறார்கள். முதற்பாத்தியில் மீன் துள்ளும். கூழைக்கடாவும் கொக்கும் அங்கே. நீர் செறியச் செறிய மீன் மறையும். பகைவன் தொலைந்த அந்த நீரில் உவர் இறால் என்னும் ஒரு விரற்கடைக்கும் குறைந்த உயிரும், உவர் ஈக்களின் புழுவும் பெருகும். நடுப்பாத்திகளில் உள்ளான் கூட்டம் மொய்ப்பது இதனால்தான். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அந்தக் கடைசிப் பாத்தியில் இரை கிடையாது. நாலாபுறமும் வெட்டவெளியாய் இருப்பதால் வல்லூறு வருவதைத் தொலைவிலேயே காணலாம். எனவே அது உறங்குமிடம்.

நடுப்பாத்தியிலும் ஒரே இரையை எல்லாரும் ஒரே விதமாய் எடுப்பதில்லை. கொசு உள்ளான் கண்ணால் கண்டு கொத்தும். வளைமூக்கு உள்ளான் சேற்றுக்குள் அலகைத் தையல் ஊசிபோல் இறக்கி ஏற்றும். அதன் அலகு நுனியிலுள்ள நுண்குழிகளில் அழுத்தம் உணரும் நரம்பு முனைகள் நிறைந்துள்ளன. காணாத புழுவை அலகு தொட்டறிகிறது. பூநாரையோ தலையைக் கவிழ்த்து நீரையே சல்லடையில் வடிக்கிறது.

இந்த வளைமூக்கு உள்ளானின் பிறந்தகம் வட சைபீரியத் துந்திரம். ஆவணி வாக்கிலேயே பெரிய பறவைகள் நம் கரைக்கு வந்துவிடும். அவ்வாண்டுக் குஞ்சுகள் பின்னால், வழிகாட்ட மூத்தோர் இன்றித் தாமாக வந்து சேரும். துந்திரத்தில் லெமிங் என்னும் துருவ எலி குறைந்த ஆண்டில் நரிகள் முட்டைக்கும் குஞ்சுக்கும் திரும்பும். அவ்வாண்டின் மழைக்காலத்தில் இங்கே கூட்டத்தில் இளம்பறவை அரிதாகும். மரக்காணத்து வரப்பில் நின்று இளசுகளை எண்ணுகிறவர், தாம் ஒருநாளும் காணாத பனிநிலத்து எலிக்கும் சேர்த்தே கணக்கெழுதுகிறார். ஆனால் அதற்கு ஒரே இடத்தை ஆண்டாண்டாய் எண்ண வேண்டும்.

நானும் தொலைவு சென்றவன்தான். 2002ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கோடியக்கரைச் சதுப்பில், வானின் அடிவிளிம்பு முழுக்க வெளிறிய செம்மையாய்ப் பூநாரைகள் நின்ற காட்சியை மறக்கவியலாது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையமிட்டுப் பல்லாண்டுகள் பாடுபட்ட இடம் அது. நானோ இரண்டு நாளில் எண்பது பெயர்களை எழுதிக்கொண்டு திரும்பினேன்; பெயர்ப்பட்டியலுக்கு மேல் எதுவும் கற்றேனல்லேன். எல்லாரையும் போல மார்கழியில் போனதும், எல்லாரும் பார்ப்பதையே பார்த்ததும் பிழை.

கோடையில் உப்பளத்துக்கு எவரும் வருவதில்லை. வலசைப் பறவைகள் வடக்கே போய்விட்டன, பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். ஒரு சித்திரைப் பகலில் வரப்பில் நடந்தபோது, என் காலுக்கு மூன்று முழம் முன்னால் சிறு பறவையொன்று இறக்கை முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடியது. அது நடிப்பு என்று தெரியும். நின்ற இடத்திலேயே அசையாமல் தரையைத் துழாவினேன். உடைந்த கிளிஞ்சலுக்கும் சேற்றுப் பொருக்குக்கும் நடுவே, கரும்புள்ளி தெறித்த மண்நிற முட்டைகள் மூன்று. கூடு என்று சொல்ல ஒரு குழிவு மட்டும். விலகிச் சென்று அமர்ந்து பார்த்தேன். பறவை பாத்தி நீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டையின்மேல் அமர்ந்தது. அடைகாப்பது அங்கே சூடேற்ற அன்று, குளிர்விக்க.

இதை நெடுங்காலமாகக் கெண்டு உப்புக்கொத்தியின் ஓர் உள்ளினம் என்றே எழுதிவந்தோம். கெண்டு என்பது இங்கிலாந்தில் உள்ள மாவட்டம். அம்மாவட்டத்தில் அப்பறவை இன்று குஞ்சு பொரிப்பதுகூட இல்லை! 2023ஆம் ஆண்டில் மரபணு, உடலளவு இரண்டையும் ஒப்பிட்ட அறிஞர்கள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி வாழும் இது தனி இனம் என்று நிறுவினர். குறுகிய இறக்கை, சற்றே சிறிய உடல், வலசை போகாத வாழ்வு. இரு கரைக்கும் இடையே அணை கட்டிய கதையை நினைந்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரும் இட்டனர். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டு உப்புக்கொத்திகளும் இதனோடு கலந்து மேயும். அப்போது பிரித்தறிவது கடினம். சித்திரையில் முட்டையோடு நிற்பது எது என்பதில் ஐயமில்லை.

கோடைமாதங்களில் உப்பளம் பக்கம் போக நேர்ந்தால் வரப்பின் ஓரமாக, காலடியைப் பார்த்து நடங்கள். இறக்கை முறிந்த பறவையைக் கண்டால் பின்தொடராதீர்கள். நின்று, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.