கல் பதித்த வாசலில் காற்றுக்கு நிற்கும் கொட்டகை

லயத்து இஸ்தோப்புக்கு முன்னால் வாசலில் ஒரு தகரக் கொட்டகை போடுவது தோட்டங்களில் வழக்கம். விறகு நனையாமல் அடுக்க, முச்சக்கர வண்டி நிறுத்த, வீட்டு விசேஷத்துக்கு ஆட்களை உட்காரவைக்க அது உதவும். மண் வாசலில் குழி தோண்டிக் கால் நட்டுவிடலாம். இரத்தினபுரி மாவட்டத்து ஓப்பநாயக்க போன்ற இடங்களில் வாசலைச் சீமெந்துத் தரையாக்கியவர்களுக்கும், இன்டர்லொக் கல் பதித்தவர்களுக்கும் தரையை உடைக்க மனம் வருவதில்லை. கால்களை மேலேயே நிறுத்தி ஆணி அடித்து விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கூரையின் பாரம் கீழே அழுத்தும். காற்று அதை மேலே தூக்கும். பக்கம் அடைக்காத கொட்டகைக்குள் புகும் காற்றுக்குத் தகரம் முழுவதும் பிடி கொடுக்கிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில், சப்ரகமுவவில் மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிப்பதுண்டு. 60 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 17 கிலோ அழுத்தம் தரும். பத்தடிக்குப் பத்தடிக் கூரைக்கு அது 160 கிலோ அளவில் வரும். வேகம் 90 ஆனால் 360 கிலோவைத் தொடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், சிறு காற்றில் அசையாமல் நின்ற கொட்டகையை நம்பிவிட முடியாது.

இன்டர்லொக் கல் மணலின் மேல் வெறுமனே பதிந்திருப்பது. சாதாரணக் கல் ஒன்று 3 கிலோ இருக்கும். அதில் துளையிட்டு போல்ட் முடுக்கினால், கொட்டகையோடு கல்லும் சேர்ந்து கிளம்பிவிடும். சரியான வழி, கால் வரும் இடத்துக் கற்களை மட்டும் எடுத்துவிட்டு ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டிக் கொங்கிறீட் போடுவதுதான். அப்படி ஒரு கட்டி ஏறத்தாழ 230 கிலோ. நான்கு கால்களுக்கும் சேர்த்து 900 கிலோவைத் தாண்டும். ஓரடிக் கட்டி 68 கிலோதான், நான்கும் சேர்ந்தாலும் பெருங்காற்றுக்குப் போதாது. கொங்கிறீட்டை ஏழு நாள் ஈரமாக வைத்திருந்த பிறகே கூரை ஏற்ற வேண்டும். குழி கானை ஒட்டியோ மேட்டின் விளிம்பிலோ வரக்கூடாது; இரத்தினபுரி மாவட்டம் மண்சரிவுக்குப் பேர்போனது.

சீமெந்துத் தரையில் அங்கர் போல்ட் பாவிக்கலாம், ஆனால் தரை நான்கு அங்குலத்துக்குக் குறையாத நல்ல கொங்கிறீட்டாக இருக்க வேண்டும். பல வாசல்களில் மேலே பூசிய பூச்சு மட்டுமே இருக்கிறது. அதில் எந்த போல்ட்டும் நிற்காது. துளையின் தூசியை முழுதாக ஊதி எடுக்காவிட்டால் பிடி குறையும். ஓரத்துக்கு மிக அருகில் துளையிட்டால் கொங்கிறீட் வெடித்துவிடும்.

லயத்துச் சுவரிலோ அதன் கூரை மரத்திலோ கொட்டகையைக் கட்டுவது பெரும் தவறு. பழைய சுவர்களின் காரை இளகியிருக்கும். கொட்டகை கிளம்பும்போது அடுத்த காம்பராக்காரரின் கூரையும் சேர்ந்து போகும். கொட்டகை தன் காலிலேயே நிற்கவேண்டும். கால்களுக்கும் மேல் சட்டத்துக்கும் இடையே சாய்வுத் தாங்கு வைத்தால் பக்கவாட்டு ஆட்டம் நிற்கும். தகரத்தை வொஷர் போட்ட ஹூக் போல்ட்டால் மேட்டு வரியில் இறுக்க வேண்டும். காற்று முதலில் பிடிப்பது ஓரங்களைத்தான் என்பதால் அங்கே போல்ட்டுகள் நெருக்கமாக வரட்டும். கூரைமேல் கல்லும் பழைய டயரும் ஏற்றுவது வேண்டாம். தகரம் எழும்பினால் முதலில் தலையில் விழுவது அந்தக் கல்.

இரண்டு நாள் பந்தலுக்குத் தரையை உடைக்கத் தேவையில்லை. 200 லீற்றர் பீப்பாவில் மணல் நிரப்பினால் ஏறத்தாழ 320 கிலோ; ஒவ்வொரு காலையும் ஒரு பீப்பாவோடு இறுக்கிக் கட்டலாம். காற்று எச்சரிக்கை வந்தால் துணியையோ தகரத்தையோ கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்துக்கு முன் நட்டுகளை இறுக்கிப் பார்த்து, துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்றிவிடுங்கள்.