ஐயாவின் உறுமியும் நான் போட்ட லிமிட்டரும்

பங்சாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உறுமி வாசிக்கும் ஐயா ஒருவரைப் பதிவு செய்தேன். தைப்பூசத்திற்குப் பத்துமலையில் காவடிகளுக்கு முன்னால் பல ஆண்டுகள் வாசித்தவர் அவர். எனக்கு அப்போது வயது 17. எஸ்.பி.எம். தேர்வு முடிந்த விடுமுறை. ஒரு மடிக்கணினியும் நண்பனிடம் இரவல் வாங்கிய மைக்கும்தான் என் ஸ்டூடியோ. "தம்பி, சத்தம் போதுமா?" என்று கேட்டுக் கேட்டு 40 நிமிடம் வாசித்தார்.

அந்த வாசிப்பை மின்னிசைத் தாளத்தோடு கலந்து ஒரு பாட்டாக்க வேண்டும் என்பது என் ஆசை. யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்து, தமிழ் ஹிப் ஹாப் மலேசியாவிலிருந்தும் புறப்படலாம் என்று காட்டியது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலரைப்போல நானும் படுக்கையறையிலேயே இசை செய்யத் தொடங்கியவன். இணையத்தில் பார்த்த ஒரு காணொளி, "முதலில் மாஸ்டரில் ஒரு லிமிட்டரைப் போடு" என்றது. போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

அது என்ன செய்கிறது?

இசை மென்பொருளில் உறுமி, பேஸ், குரல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி டிராக் உண்டு. அவை எல்லாம் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து வெளியேறும் வழிதான் மாஸ்டர் சேனல். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஒலிக்கோப்பாக எடுக்கும்போது அதைத் தாண்டும் ஒலியின் முனை வெட்டுப்பட்டு, கரகரவென்று கேட்கும்.

அந்த விபத்தைத் தடுக்கும் காவலாளிதான் லிமிட்டர். வரப்போகும் ஒலியைச் சில மில்லி விநாடிகள் முன்கூட்டியே பார்த்து, வரம்பைத் தாண்டப்போகும் உச்சத்தை மட்டும் சட்டென்று குறைத்து, பிறகு கையை எடுத்துவிடும். வானொலி நிலையங்களுக்கு இது புதிதல்ல. பங்சாருக்குப் பக்கத்தில் அங்காசாபுரியிலிருந்து மின்னல் பண்பலையைக் கேட்கிறோம். எந்தப் பண்பலை ஒலிபரப்பானாலும், அனுப்பப்படும் ஒலி ஓர் அளவைத் தாண்டினால் பக்கத்து அலைவரிசைக்குத் தொல்லை. அதனால்தான் 1975இல் வந்த ஆப்டிமாட் போன்ற கருவிகள் வானொலியில் இடம்பிடித்தன.

1994இல் வேவ்ஸ் நிறுவனம் எல்1 என்ற மென்பொருள் லிமிட்டரை வெளியிட்டது. அதன் பிறகு இந்தக் காவலாளி இன்னொரு வேலைக்கும் பயன்பட்டார். உச்சங்களை அமுக்கிவிட்டால், மிச்ச ஒலி முழுவதையும் மேலே தூக்கலாம். பாட்டு சத்தமாகக் கேட்கும்.

உறுமிக்கு நடந்தது

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயாவின் பலமான அடிகள் மைனஸ் 6 டெசிபலைத் தொட்டன. நான் லிமிட்டரில் 10 டெசிபல் கூட்டினேன். அப்படியானால் அந்த அடிகள் பிளஸ் 4க்குப் போக வேண்டும். நான் வைத்த வரம்போ மைனஸ் 1. ஆக, ஒவ்வொரு பலமான அடியிலும் 5 டெசிபலை லிமிட்டர் அமுக்கியது. மெல்லிய ஒலிகளோ 10 டெசிபலும் முழுசாக ஏறின.

உறுமியின் ஒரு முகத்தை அடிப்பார்கள். மற்ற முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அடி கூர்மையாக எழுந்து உடனே அடங்கும். தேய்க்கும்போது வரும் உறுமல் தாழ்வாக ஊர்ந்து வரும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் சாமி வந்து ஆடுபவரை ஆட்டுகிறது. நான் அந்தத் தூரத்தைக் குறைத்துவிட்டேன். ஆனால் சத்தம் கூடியதால் என் காதுக்கு அது நன்றாக இருப்பதாகவே பட்டது. இது நம் எல்லாருடைய காதுக்கும் உள்ள பலவீனம். ஒரே ஒலியைச் சற்றே சத்தமாக வைத்தால், அதுதான் சிறந்தது என்று சொல்லிவிடுவோம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உறுமியைத் தனியாக ஒரு கோப்பாக எடுத்தபோதும் அதே மாஸ்டர் வழியாகவே எடுத்தேன். மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று, மூலப் பதிவுகளை அழித்தேன்.

இரண்டு ஆண்டுகளில் ஐயா காலமானார். 16ஆம் நாள் காரியத்தில் போடுவதற்கு அவர் மகன் அந்தப் பதிவைக் கேட்டார். மண்டபத்து ஒலிபெருக்கியில் அது ஒலித்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்பா அடிக்கிற மாதிரியே இல்லையே தம்பி, சப்பையா இருக்கே" என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. லிமிட்டர் அமுக்கியதை முழுமையாகத் திருப்பி எடுக்க வழியில்லை. மூலப் பதிவும் என்னிடம் இல்லை.

பெரியவர்களும் செய்த தவறு

இது பிள்ளைகள் மட்டும் செய்யும் தவறல்ல. 2008இல் மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' இசைத்தொகுப்பு வந்தபோது, ஒலி நசுங்கிக் கரகரக்கிறது என்று ரசிகர்கள் புகார் செய்தனர். ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் தெளிவாக இருந்ததால், ரசிகர்களால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், பாடல்கள் தம் கைக்கு வரும்போதே நசுங்கித்தான் வந்தன என்ற பொருளில் விளக்கம் தந்தார். கலவைக் கட்டத்திலேயே அமுக்கிவிட்டால், அடுத்து வருபவர் எத்தனை பெரிய வல்லுநராக இருந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை.

அப்படி அமுக்கிப் பெறும் சத்தத்திற்கு இன்று பெரிய பயனும் இல்லை. காது உணரும் சத்தத்தை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 அளவுக்குக் கொண்டுவருகிறது. யூடியூபும் அதிகச் சத்தமான பாடல்களைக் குறைத்துவிடும். நீங்கள் அமுக்கி அமுக்கி மைனஸ் 8க்கு ஏற்றினால், ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கிவிடும். சத்தமும் கிடைக்காது, அடியின் வீச்சும் போயிருக்கும்.

அப்படியானால் லிமிட்டர் வேண்டாமா?

வேண்டும். எங்கே, எதற்கு என்று தெரிந்து போட வேண்டும். அடுக்குமாடியில் இரவு நேரத்தில் ஹெட்ஃபோனில்தான் வேலை செய்கிறோம். திடீரென்று பாயும் ஒலியிலிருந்து காதைக் காக்க, எதையும் கூட்டாமல், மாஸ்டரில் ஒரு லிமிட்டரை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அது வேலை செய்துகொண்டே இருந்தால், கலவையில் ஏதோ ஒரு டிராக் அளவுக்கு மீறியிருக்கிறது என்று பொருள். அந்த டிராக்கைக் குறையுங்கள்.

கலக்கும்போது மாஸ்டரின் உச்சம் மைனஸ் 6 அருகில் இருக்கட்டும். மாஸ்டரிங்கிற்கு வேறொருவரிடம் கொடுப்பதானால் லிமிட்டரை எடுத்துவிட்டு, 24 பிட் கோப்பாகக் கொடுங்கள். நீங்களே முடிப்பதானால் வரம்பை மைனஸ் 1இல் வையுங்கள். எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போது உச்சங்கள் சற்று உயரக்கூடும். பலமான இடங்களில் 2, 3 டெசிபலுக்கு மேல் அமுக்க நேர்ந்தால் நிறுத்தி யோசியுங்கள். லிமிட்டர் எவ்வளவு கூட்டியதோ அவ்வளவு சத்தத்தைக் குறைத்து வைத்து, அது இருக்கும்போதும் இல்லாதபோதும் கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் காது உண்மை சொல்லும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மூலப் பதிவை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். உங்கள் வட்டாரத்திலும் உறுமியோ தவிலோ நாதஸ்வரமோ வாசிக்கும் ஒரு பெரியவர் இருப்பார். அவரைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

ஐயாவிடம் கற்றுக்கொண்ட அண்ணன் ஒருவர் இப்போது அதே குழுவில் வாசிக்கிறார். சென்ற மாதம் அவரை அதே மண்டபத்தில் பதிவு செய்தேன். மாஸ்டரில் எதுவும் போடவில்லை. ஒரு பிரதியை ஐயாவின் மகனிடம் கொடுத்திருக்கிறேன்.